போர்ட்ரெயிட்டுக்குக் குறைந்த விலையில் பிரைம் லென்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

போர்ட்ரெயிட் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் இரண்டே பதில்தான் வரும். ஒருவர் "கண்ணை மூடிக்கொண்டு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு" என்பார், இன்னொருவர் "85 இல்லாமல் போர்ட்ரெயிட்டா?" என்பார். (மி.மீ. எண் கூடினால் காட்சியின் சின்னப் பகுதி பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்.) இரண்டு பேரும் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்க மாட்டார்கள்: படம் எடுக்கப் போகும் இடத்தில் நீங்கள் எவ்வளவு தூரம் பின்னால் போக முடியும்? லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை அந்தக் கேள்விக்கான பதிலிலேயே முடிந்துவிடும், மீதிப் பாதிக்கு ஒரு சின்ன வகுத்தல் கணக்கு போதும். அதனால் இந்த வழிகாட்டியில் லென்ஸ் பெயர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், பிரைம், அதாவது ஜூம் செய்ய முடியாத லென்ஸ், எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கேமராவோடு வரும் கிட் ஜூம் லென்ஸ் அதன் நீண்ட முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், அதாவது கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவு) 6400 தேவைப்பட்ட மங்கலான அறையில் இங்கே 640 போதும். பின்னணியும் நன்றாகக் கரையும். ஜூம் இல்லாததால் லென்ஸின் உள்ளே கண்ணாடிகள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. இவ்வளவுதான் விஷயம்.

படி 1: உங்கள் கேமராவின் மவுண்ட்டும் சென்சாரும்

இது அலுப்பான படிதான், ஆனால் இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண். கேமராவில் லென்ஸ் பூட்டிக்கொள்ளும் அந்த வளையம்தான் மவுண்ட், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் மாறும். கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர்களுக்கு (உள்ளே ஆடி உள்ளவை) இஎஃப், புதிய மிரர்லெஸ்ஸுக்கு (ஆடி இல்லாதவை) ஆர்எஃப். நிக்கானில் பழையது எஃப் மவுண்ட், புதியது இசட். சோனி மிரர்லெஸ் எல்லாம் இ மவுண்ட், ஃபியூஜியின் சிறிய சென்சார் கேமராக்கள் எக்ஸ் மவுண்ட், ஒலிம்பஸும் பானாசோனிக்கின் சிறிய கேமராக்களும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்.

பழைய லென்ஸை புதிய மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டு மாட்டலாம். கேனான் இஎஃப் லென்ஸ்கள் ஆர்எஃப் உடலில் அடாப்டரோடு மிக நன்றாக ஃபோக்கஸ் ஆகும். நிக்கானில் ஒரு சிக்கல் உண்டு: பெயரில் 'டி' என்று முடியும் பழைய ஏஎஃப் (ஆட்டோஃபோக்கஸ்) லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவின் உடலில் உள்ள மோட்டார்தான் அவற்றைத் திருப்பும். டி3500, டி5600 மாதிரியான ஆரம்ப நிலை கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை, மிரர்லெஸ்ஸுக்கான எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8 டி வாங்கினால் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டியிருக்கும். 'ஏஎஃப்-எஸ்' என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது சென்சார், படம் பதியும் சில்லு. பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் என்றால் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறிய, ஏபிஎஸ்-சி எனப்படும் கிராப் சென்சார் என்றால் 1.5 ஆல் பெருக்க வேண்டும், கேனானில் 1.6 ஆல். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2. ஆக, கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் 75 அல்லது 80 மி.மீ. காட்டும் அகலத்தைத்தான் காட்டும். "50 வாங்கு" என்று சொன்னவரிடம் இருப்பது எந்தச் சென்சார் என்று தெரியாமல் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

படி 2: எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்?

நீண்ட லென்ஸ் முகத்தை அழகாக்கும் என்று சொல்வார்கள். லென்ஸ் அப்படி எதுவும் செய்வதில்லை. முகத்தின் வடிவத்தை மாற்றுவது நீங்கள் நிற்கும் தூரம்தான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து அரை மீட்டரில் கேமராவைப் பிடித்தால் காது 62 செ.மீ. தள்ளி இருக்கும், அதனால் மூக்கு காதோடு ஒப்பிடும்போது கிட்டத்தட்ட 24 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். ஒன்றரை மீட்டருக்குத் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் 8 சதவீதம், 3 மீட்டரில் 4 சதவீதம். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணமும் கை நீளம்தான், போன் லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

அனுபவத்தில் ஒரு மீட்டருக்குள் போனால் முகம் கோணுகிறது, ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை நாம் ஒருவரைப் பார்த்துப் பேசும்போது மனதில் பதிந்த முகம் கிடைக்கிறது. இன்னும் தள்ளிப் போகலாம், ஆனால் முகம் கொஞ்சம் தட்டையாகும், எதிரில் இருப்பவரிடம் சத்தம் போட்டுப் பேச வேண்டிவரும்.

ஆக, லென்ஸின் வேலை அந்தத் தூரத்தில் நின்றபடியே உங்களுக்கு வேண்டிய அளவு ஃப்ரேமை நிரப்பித் தருவது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. லென்ஸ் என்றால் தலையும் தோளும் மட்டும் எடுக்க ஒன்றரை மீட்டர், இடுப்பு வரை எடுக்க ஏறக்குறைய இரண்டரை மீட்டர், தலை முதல் கால் வரை எடுக்க 5 மீட்டர் வேண்டும். அதே ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. என்றால் தலை-தோளுக்கு 90 செ.மீ.யே போதும், முகம் கோணத் தொடங்கும் இடம் அதுதான். இடுப்பு வரைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், முழு உருவத்துக்கு 3 மீட்டர்.

கிராப் சென்சாரில் 50 மி.மீ. என்றால் தலை-தோளுக்கு ஒன்றேகால் மீட்டருக்கு மேல், முழு உருவத்துக்கு நாலரை மீட்டர். 35 மி.மீ. போட்டால் முழு உருவம் 3 மீட்டரில் அடங்கும், ஆனால் முகத்தை மட்டும் எடுக்க நெருங்கினால் மறுபடியும் அந்தக் கோணல் பிரச்சினை வரும்.

இப்போது ஒரு இன்ச் டேப்பை எடுத்து நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் அறையை அளந்து பாருங்கள். சுவரிலிருந்து சுவருக்கு மூன்றரை மீட்டர் இருக்கிறது என்றால், எதிரில் இருப்பவரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்திவிட்டு, நீங்களும் கேமராவும் நிற்க இடம் விட்டால் மிச்சம் இருப்பது இரண்டு மீட்டர்தான். ஃபுல் ஃப்ரேமில் 85 போட்டு அங்கே இடுப்பு வரைகூட வராது. திறந்த வெளியில்தான் என் வேலை என்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. வீட்டுக்குள் பிள்ளைகளைப் படம் எடுக்க 85 வாங்கிவிட்டு முதுகு சுவரில் இடிக்க நிற்பவர்கள் நிறையப் பேர், அந்த லென்ஸ்கள்தான் பிறகு பழைய சாமான் சந்தைக்கு வந்து சேர்கின்றன.

படி 3: கையில் இருக்கும் ஜூமை வைத்துச் சோதனை

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது. உங்கள் கிட் லென்ஸை 35 இல் வைத்து ஜூம் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சில நாள் அப்படியே எடுங்கள். அப்புறம் 50 இல் ஒட்டி இன்னும் சில நாள். பின்னணி கரைவதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், கால்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எந்த அளவில் நீங்கள் எரிச்சல் இல்லாமல் வேலை செய்தீர்களோ அதுதான் உங்கள் லென்ஸ்.

ஏற்கெனவே எடுத்த படங்களும் சாட்சி சொல்லும். ஒவ்வொரு படத்தோடும் எத்தனை மி.மீ. இல் எடுத்தது என்ற தகவல் சேர்ந்தே பதிவாகியிருக்கும், கம்ப்யூட்டரில் திறந்தால் தெரியும். உங்களுக்குப் பிடித்த ஆள் படங்களாகப் பொறுக்கி எடுத்து அந்த எண்களைப் பாருங்கள். எல்லாமே 55 இல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் நீண்ட லென்ஸ் பக்கம் போகலாம்.

படி 4: பின்னணி எவ்வளவு கரையும்? ஒரு வகுத்தல்

இதைத்தான் நான் எல்லாரிடமும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். லென்ஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். வருவதுதான் ஒளி நுழையும் துளையின் விட்டம். 50 ஐ 1.8 ஆல் வகுத்தால் 28 மி.மீ., 85 ஐ 1.8 ஆல் வகுத்தால் 47 மி.மீ. கிட் லென்ஸில் 55 ஐ 5.6 ஆல் வகுத்தால் வெறும் 10.

இந்த எண்ணுக்கு ஒரு அருமையான அர்த்தம் இருக்கிறது. பின்னணி வெகு தொலைவில் இருந்தால், அங்கே இருக்கும் ஒரு சின்ன விளக்குப் புள்ளி, படத்தில் அந்த முகத்தின் பக்கத்தில் வைத்து அளந்தால் சரியாக இந்த விட்டமுள்ள வட்டமாகத் தெரியும். முகம் 15 செ.மீ. அகலம் என்றால் 47 மி.மீ. வட்டம் முகத்தில் மூன்றில் ஒரு பங்கு. கிட் லென்ஸின் 10 மி.மீ. வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் வரும். எந்தச் சென்சார், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். விலை எட்டாத 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸை வகுத்தால் வருவது 42. அதைவிடப் பல மடங்கு மலிவான 85 மி.மீ. எஃப் 1.8 இன் 47 ஐ அது எட்டவில்லை. கிராப் சென்சாருக்கான சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 க்கு 40. இன்னொன்றும் உண்டு. கேனானின் சாதாரண 55-250 டெலி ஜூம் 250 மி.மீ. இல் எஃப் 5.6 தரும், அதற்கு வருவது 45. உங்களிடம் ஏற்கெனவே அது இருந்து, வெளிச்சம் நன்றாக இருக்கும் திறந்த வெளியில் முகம் மட்டும் எடுத்தால், தூரத்துப் பின்னணியை அது கிட்டத்தட்ட 85 அளவுக்கே கரைக்கும். வெகு தூரம் தள்ளி நிற்க வேண்டும், மங்கலான வெளிச்சத்தில் கை கொடுக்காது, ஆனால் செலவு பூஜ்ஜியம்.

சரி, பின்னணி பக்கத்திலேயே இருந்தால்? அப்போது அந்த விட்டத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆளுக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் சுவருக்கும் உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்தால் அந்தப் பங்கு வரும். 85 போட்டு 2 மீட்டரில் நிற்கிறீர்கள், ஆளுக்குப் பின்னால் அரை மீட்டரில் சுவர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 9 மி.மீ. சொச்சம். அதே ஃப்ரேமை 50 மி.மீ. எஃப் 1.8 இல் எடுக்க 1.2 மீட்டரில் நிற்பீர்கள், கணக்குப் போட்டால் 8 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது! ஆளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினால் 85 இல் அது 24 ஆகிறது, 50 இல் 17 ஆகிறது. சுவரை விட்டு ஆளைத் தள்ளி நிறுத்துவதற்குக் காசு கேட்பதில்லை. சின்ன அறைக்குள்ளேயே எடுப்பவருக்கு 50 க்கு மேல் செலவழிப்பது வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

முழு உருவப் படத்தில் "என் 50 இல் மட்டும் ஏன் பின்னணி கரையவே மாட்டேன் என்கிறது" என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வட்டம் அதே 28 மி.மீ. தான், ஃப்ரேமோ இரண்டு மீட்டர் உயரம். அதில் அது காணாமல் போய்விடும். தலை முதல் கால் வரை எடுத்து, பின்னணியும் வெண்ணெய் மாதிரி உருக வேண்டும் என்றால் 85 எஃப் 1.8 ஆவது வேண்டும், அதிலும் அடக்கமாகத்தான் கிடைக்கும்.

எஃப் 1.8 இலிருந்து 1.4 க்குப் போவது வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). விலை அப்படி இல்லை, பல நேரம் இரட்டிப்பைத் தாண்டும், எடையும் ஏறும். என் பேச்சைக் கேட்டால், முதல் போர்ட்ரெயிட் லென்ஸுக்கு 1.8 ஐத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது: ஃபுல் ஃப்ரேமில் 85 போட்டு ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8 இல் எடுத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் 3 செ.மீ. சொச்சம்தான். முகத்தைச் சற்றே திருப்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். இதைவிட மெல்லிய ஆழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

படி 5: பெட்டியின் மேல் எழுதியிருப்பதில் எதைப் பார்ப்பது

ஆட்டோஃபோக்கஸ்தான் முதலில். மிரர்லெஸ் கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால், லென்ஸின் மோட்டார் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். மலிவு லென்ஸ்களில் கண்ணாடியின் தரத்தைவிட மோட்டாரின் வேகத்தில்தான் ஏற்றத்தாழ்வு அதிகம். உட்கார்ந்து போஸ் கொடுப்பவருக்கு மெதுவான மோட்டாரே போதும், ஓடும் குழந்தைக்குப் போதாது.

கிட்டத்து ஃபோக்கஸ் தூரத்தையும் பாருங்கள். 85 எஃப் 1.8 லென்ஸ்கள் பலவும் 80 செ.மீ.க்கு உள்ளே ஃபோக்கஸ் ஆகாது. முகத்துக்கு அது போதும். மோதிரம் போட்ட விரல், பச்சைக் குழந்தையின் பாதம் இதெல்லாம் எடுக்க ஆசை என்றால் இடிக்கும்.

ஸ்டெபிலைசேஷன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதற்காக அழ வேண்டாம். உங்கள் கை ஆடுவதை அது சரிசெய்யும், எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவதை அது என்ன செய்யும்? ஆளைப் படம் எடுக்க எப்படியும் ஷட்டர் 1/125 நொடிக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 1/200.

துளையைச் சுருக்கும் மெல்லிய தகடுகளான இதழ்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். முழுதாகத் திறந்து எடுக்கும்போது இதழ்கள் உள்ளே போய்விடும், எத்தனை இருந்தாலும் வட்டம் வட்டம்தான். கொஞ்சம் மூடும்போதுதான் தெரியும்: கேனானின் 1990 ஆம் ஆண்டு 50 மி.மீ. எஃப் 1.8 II இல் ஐந்தே இதழ்கள், அதனால் பின்னணி விளக்குகள் ஐங்கோணமாக வரும். 2015 இல் வந்த எஸ்டிஎம் பதிப்பில் ஏழு, வட்டம் ஓரளவு நிற்கும்.

படி 6: எந்த மவுண்ட்டுக்கு எது

கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். 160 கிராம், 35 செ.மீ. வரை நெருங்கும், கிராப் உடலில் இதைவிடப் பொருத்தமான முதல் லென்ஸ் எனக்குத் தெரியவில்லை. ஃபுல் ஃப்ரேமும் திறந்த வெளியும் இருந்தால் 1992 இலிருந்து விற்பனையில் இருந்த இஎஃப் 85 மி.மீ. எஃப் 1.8 யுஎஸ்எம். ஃபோக்கஸ் சட்டென்று பிடிக்கும். முழுதாகத் திறந்து எதிர் வெளிச்சத்தில் எடுத்தால் முடியின் ஓரத்தில் ஊதா நிறம் படியும், எஃப் 2.8 க்கு மூடினால் பெருமளவு போய்விடும், மீதியை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம்.

கேனான் ஆர்எஃப் இல் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் அதே வழிதான், 2020 இல் வந்தது, எடையும் அதே 160 கிராம். அதே ஆண்டு வந்த ஆர்எஃப் 85 மி.மீ. எஃப் 2 மேக்ரோவுக்கு ஸ்டெபிலைசேஷன் உண்டு, பொருள் சென்சாரில் அதன் நிஜ அளவில் பாதியாகப் பதியும் வரை நெருங்கி எடுக்கும், குழந்தைப் பாதம் எடுக்க ஆசைப்பட்டவருக்கு இதுதான். ஃபோக்கஸ் நிதானமானது, ஓட்டப் பந்தயத்துக்கு ஆகாது.

நிக்கான் டிஎஸ்எல்ஆரில் ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி, ஏஎஃப்-எஸ் 85 மி.மீ. எஃப் 1.8 ஜி. முதலாவது 185 கிராம், இரண்டாவது 350. அந்த 85 முழுதாகத் திறந்தாலும் நல்ல தெளிவு, மிரர்லெஸ்ஸுக்கு மாறுபவர்கள் பலரும் விற்பதால் பழையதாக நல்ல நிலையில் கிடைக்கும், எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோக்கஸும் வேலை செய்யும். கிராப் உடலுக்கான டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி நல்ல லென்ஸ்தான், ஆனால் அதை வீட்டுக்குள் எடுக்கும் பொது லென்ஸாக நினைத்து வாங்குங்கள். துளை 19 மி.மீ. தான்.

நிக்கான் இசட் இல் மலிவாகத் தொடங்க 40 மி.மீ. எஃப் 2, 170 கிராம். கிராப் உடலில் 60 மி.மீ. அகலம் தரும். போர்ட்ரெயிட்டே நோக்கம் என்றால் நான் வில்ட்ராக்ஸ் 85 மி.மீ. எஃப் 1.8 அல்லது கிராப் உடலுக்கு சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 பக்கம் போவேன்.

சோனியில் ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர் எஃப்இ 50 மி.மீ. எஃப் 1.8 ஐ விலையைப் பார்த்து மயங்காமல் இருப்பது நல்லது, படம் நன்றாகவே வரும், ஆனால் ஃபோக்கஸ் மெதுவாக, சத்தத்தோடு நகரும். கொஞ்சம் சேர்த்து 2017 இல் வந்த எஃப்இ 85 மி.மீ. எஃப் 1.8 ஐ வாங்கிவிடலாம், 371 கிராம், வேகமான மோட்டார், ஒன்பது இதழ்கள். அதுவும் கனம் என்றால் சாம்யாங் 75 மி.மீ. எஃப் 1.8 வெறும் 230 கிராம். கிராப் உடலுக்கு ஸ்டெபிலைசேஷன் உள்ள இ 50 மி.மீ. எஃப் 1.8 ஓஎஸ்எஸ், இல்லையென்றால் சிக்மா 56.

ஃபியூஜிக்கு வில்ட்ராக்ஸ் 56 மி.மீ. எஃப் 1.7, மழை தூசி தாங்க வேண்டும் என்றால் எக்ஸ்எஃப் 50 மி.மீ. எஃப் 2. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் யோசிக்கவே வேண்டாம், ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8. எடை 116 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

கையால் ஃபோக்கஸ் செய்யும் பழைய லென்ஸ்களையும் சொல்ல வேண்டும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, பின்னணியைச் சுழல் மாதிரி சுற்றிக் காட்டுவதில் பேர் போனது, மிரர்லெஸ் கேமராவில் எம்42 (அந்தக் காலத்துத் திருகு மவுண்ட்) அடாப்டர் போட்டு மாட்டலாம். விளையாட நன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் காசு கொடுத்துப் படம் எடுக்கக் கூப்பிட்டிருக்கும் நாளில் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

படி 7: பழையதாக வாங்குவது

பிரைம் லென்ஸில் பழுதாகும் பாகங்கள் குறைவு, அதனால் பழையது வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து மறு பக்கத்திலிருந்து பாருங்கள். நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எத்தனை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்த மாதிரி மங்கலாக இருந்தாலும் அப்படியே, எதிர் வெளிச்சத்தில் படம் வெளுத்துப் போகும்.

உள்ளே நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. முன் கண்ணாடியில் மெல்லிய கீறலும் பெரும்பாலும் தெரியாது, பின் கண்ணாடியில் கீறல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஃபில்டர் மாட்டும் வளையம் நெளிந்திருந்தால் கீழே விழுந்த லென்ஸ். கேமராவில் மாட்டி எஃப் 8 இல் சில படங்கள் எடுத்துப் பாருங்கள், ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வந்தால் இதழ்களில் எண்ணெய் ஏறி ஒட்டுகிறது என்று அர்த்தம். கடைசியாக, கிட்டத்திலும் தூரத்திலும் மாறி மாறி ஃபோக்கஸ் செய்து, மோட்டார் திணறுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

படி 8: வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள்

புதியது என்றாலும் சோதிக்காமல் விடாதீர்கள். ஜன்னல் ஓரம் ஒருவரை உட்கார வைத்து, முழுதாகத் திறந்து, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் ஃபோக்கஸ் வைத்து பத்துப் பதினைந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோக்கஸைக் கலைத்துவிட்டுத் திரும்பப் பிடிக்க விடுங்கள். கம்ப்யூட்டரில் முழு அளவில் பார்த்தால் இமை முடி தெளிவாக இருக்க வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தவை எல்லாமே காதில் தெளிவாகவோ மூக்கில் தெளிவாகவோ வருகிறது, லைவ் வ்யூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து) எடுத்தால் சரியாக வருகிறது என்றால், லென்ஸும் உடலும் ஒத்துப்போகவில்லை. ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து ஒரு கோட்டில் ஃபோக்கஸ் செய்து பார்த்தால் எவ்வளவு முன்பின் என்று தெரிந்துவிடும். சற்று விலை கூடிய உடல்களில் இதைத் திருத்தும் வசதி மெனுவிலேயே இருக்கும். ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் இருக்காது, அப்போது லென்ஸை மாற்றிக் கேளுங்கள். மிரர்லெஸ்ஸில் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை, சென்சாரிலேயே ஃபோக்கஸ் பார்ப்பதால்.

அடுத்து ஒரு செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, நேராக நின்று எஃப் 2.8 இல் ஒரு படம். நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருந்தால், தொடக்கத்தில் எஃப் 2.2 அல்லது 2.8 இல் வைத்துப் பழகுங்கள், அப்புறம் 1.8 க்கு இறங்கலாம். இரண்டு பேர் என்றால் ஒரே வரிசையில் நிற்க வைத்து எஃப் 4. ஃபோக்கஸ் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் மாற்றும் பழக்கம் இந்த மெல்லிய ஆழத்தில் கண்ணைத் தவறவிடும், ஃபோக்கஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள். லென்ஸ் ஹுட் (முன்னால் மாட்டும் மறைப்பு) ஒன்று வாங்கி எப்போதும் மாட்டியே வைத்திருங்கள், பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தையும் தடுக்கும், விழுந்தால் அடியையும் வாங்கிக்கொள்ளும். கடைக்காரர் கூடவே தலையில் கட்டப் பார்க்கும் மலிவு யூவி ஃபில்டர் வேண்டாம், எதிர் வெளிச்சத்தில் விளக்குகளுக்கு ஒரு பேய் நிழலைச் சேர்ப்பதுதான் அது செய்யும் வேலை.